அடைகல்லும் சம்மட்டியும்

சென்ற இதழில் வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்துப் பிரபுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். 1147ஆம் ஆண்டளவில் பிறந்தவர். காணித் துண்டு ஒன்றும் கிடைக்காத நாலாவது மகன். ஒரு வாளை நம்பி வாழ்க்கையைத் தொடங்கி, பெம்புரோக் பிரபுவாகி, கடைசிக் காலத்தில் ஒன்பது வயது அரசனுக்காக நாட்டையே நிர்வகித்து, 1219இல் கண்மூடியவர். நான் போர்க்கதைகளைத்தான் அதிகம் எழுதினேன். வந்த கடிதங்களோ அவருடைய வீட்டைப் பற்றிக் கேட்கின்றன. அப்பா, பெண்சாதி, பிள்ளைகள். எனக்குச் சந்தோஷம். முப்பது வருடம் வரலாறு படிப்பித்தும் அந்த மனிதரில் என் மனம் நிற்கிற இடம் அவர் வீடுதான்.

சேர், பிணையாகக் கொடுத்த மகனைத் தூக்கில் போடுவோம் என்று அரசர் சொன்னபோது, வில்லியத்தின் அப்பா அசையவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒரு தகப்பன் அப்படி இருப்பாரா? உண்மையிலேயே நடந்ததா?
(உயர்தர மாணவி, கொட்டகலை)

நடந்தது என்றுதான் நம்புகிறேன், மகள். 1152ஆம் ஆண்டு. அரசர் ஸ்டீபனுக்கும் அவருடைய தாய்மாமன் மகள் மட்டில்டாவுக்கும் முடிக்காகச் சண்டை. வில்லியத்தின் அப்பா ஜோன் மார்ஷல், மட்டில்டாவின் பக்கம். அந்தப் பக்கம் நின்றதற்கு ஏற்கனவே ஒரு கண்ணைக் கொடுத்திருந்தார். 1141இல் எரிந்துகொண்டிருந்த ஒரு தேவாலயத்துக்குள் அகப்பட்டபோது, கூரை ஈயம் உருகி முகத்தில் விழுந்தது.

நியூபரியில் அவருடைய கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். ஜோன் கொஞ்சம் அவகாசம் கேட்டார். அதற்குப் பிணையாக வில்லியத்தைக் கொடுத்தார். பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். சரணடைவார் என்று அரசர் காத்திருக்க, ஜோன் அந்த அவகாசத்தில் கோட்டைக்குள் சாப்பாட்டையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டார். பிள்ளையைத் தூக்கில் போடப் போகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். "இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்க அடைகல்லும் சம்மட்டியும் என்னிடம் இன்னும் இருக்கின்றன" என்று பதில் வந்தது.

என் அப்பா தோட்டத்து ஸ்டோரில் கொல்லுப்பட்டறை வேலை செய்தவர். கவ்வாத்துக் காலம் வந்தால் கத்திகள் குவியும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அடைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்திருப்பேன். உலை எரிந்துகொண்டிருந்தாலும் அந்தக் கல்லைத் தொட்டால் சில்லென்று இருக்கும். அதன் ஒரு மூலை உடைந்து, உடைந்த இடம் கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகிக் கிடந்தது. யாராவது முறிந்த கத்தியைக் கொண்டுவந்து தயங்கி நின்றால், "போகுது விடு, வேற ஒண்ணு அடிச்சுக்கலாம்" என்பார். அந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! என் தம்பி மூன்று வயதில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அப்பா நாலு நாள் வேலைப் பெரட்டுக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் போனவர் உலையை மூட்டிவிட்டு, இரும்பை வைக்காமலே அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அதனால் ஜோன் மார்ஷலின் பதிலை முதல் தடவை படித்த அன்று எனக்கு அடுத்த பக்கம் புரட்டக் கை வரவில்லை.

இப்போது யோசித்தால் வேறு ஒன்றும் தெரிகிறது. ஸ்டீபன் இளகிய மனதுக்காரர் என்பது நாட்டுக்கே தெரியும். அவருக்குப் பிள்ளையைக் கொல்ல மனம் வராது என்று ஜோன் கணக்குப் போட்டிருக்கலாம். கணக்கும் பலித்தது. தூக்குமரத்துக்குக் கொண்டுபோகிற வழியில் ஒரு பிரபுவின் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, அதைத் தனக்குத் தரும்படி பிள்ளை கேட்டிருக்கிறது. தான் எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. அரசர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். பிறகு ஒருநாள் கூடாரத்துக்குள், செடித்தண்டுகளை வீரர்களாக வைத்து, யாருடைய தண்டின் தலை முதலில் விழும் என்று அரசரும் வில்லியமும் விளையாடியிருக்கிறார்கள். நாங்கள் லய வாசலில் புல்லுத்தண்டை மாட்டி இழுத்து விளையாடிய அதே விளையாட்டுத்தான்.

கணக்குப் பலித்தது சரி. ஆனால் பணயமாக வைத்தது பிள்ளையின் கழுத்து. நான் ஜோனை மன்னிக்கவில்லை.

எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கூடாரத்துக்குள் விளையாடியதெல்லாம் இன்றைக்கு எப்படித் தெரியும்?
(வாசகர், ஹாலிஎல)

வில்லியம் இறந்த பிறகு, மூத்த மகன் அப்பாவின் வாழ்க்கையை ஒரு நீண்ட பாட்டாக எழுதுவித்தார். 19,000 வரிக்கு மேல் வரும். எழுதியது பிரெஞ்சில், ஏனென்றால் அக்காலத்து இங்கிலாந்துப் பிரபுக்களின் வீட்டுமொழி அதுதான். பக்கத்திலேயே வாழ்ந்த ஏர்லி ஊர் ஜோன் என்ற விசுவாசமான வீரர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி நூற்றாண்டுக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. 1861இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது பவுல் மெயர் என்ற பிரெஞ்சு இளைஞர் அதைப் பார்த்தார். வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெயர் இருபது வருடம் தேடி 1881இல் திரும்பக் கண்டுபிடித்தார்.

நியூபரிக் கதையை அந்தப் பாட்டுக்குக் கொடுத்தது யாராக இருக்கும்? வில்லியமே தன் ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா தன்னை வேண்டாம் என்று சொன்ன கதையைப் பிள்ளைகளிடம் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்கிறது.

வில்லியத்தின் மனைவி இசபெல் ‘டி கிளயர்’ என்று எழுதியிருந்தீர்கள். நாங்கள் தினமும் பார்க்கிற சென்கிளயர் நீர்வீழ்ச்சிக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தம் உண்டா?
(ஆட்டோ சாரதி, தலவாக்கலை)

இல்லை, தம்பி. நல்ல கேள்வி, நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன். இசபெலின் குடும்பத்துப் பெயர் இங்கிலாந்தின் சஃபொக் பகுதியில் உள்ள கிளயர் என்ற ஊரிலிருந்து வந்தது. ‘டி’ என்றால் ‘இன்ன ஊர்க்காரர்’ என்பதுதான். சென்கிளயர் என்பதில் முன்னால் நிற்கும் ‘சென்’ ஒரு புனிதரைக் குறிக்கிறது. நீர்வீழ்ச்சிக்குப் பெயர் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையும் வீட்டுப் பெயர்களையும் கொண்டுவந்து நம் மலைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். பூண்டுலோயாவில் டன்சினன் இருக்கிறது, அதுவும் ஸ்கொட்லாந்து மலை ஒன்றின் பெயர்தான். மேல் கொத்மலைத் திட்டத்துக்கு முன்னால் சென்கிளயரில் தண்ணீர் விழுந்த அழகைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

எங்கள் வீட்டில் நாலு ஆண்பிள்ளைகள். நான் கடைசி. இருப்பதெல்லாம் மூத்தவருக்கு என்று பேச்சு நடக்கிறது. வில்லியத்துக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றீர்களே, அவர் என்ன செய்தார்?
(வாசகர், பண்டாரவளை)

வில்லியத்துக்கு முன்னால் மூன்று அண்ணன்மார். இரண்டு பேர் அப்பாவின் முதல் மனைவியின் பிள்ளைகள். பக்கத்துப் பிரபு பாட்ரிக்குடன் இருந்த பகையைத் தீர்க்க, ஜோன் அந்த மனைவியை விலக்கிவிட்டுப் பாட்ரிக்கின் தங்கை சிபிலைக் கட்டினார். சிபிலின் இரண்டாவது மகன் வில்லியம். 1165இல் அப்பா இறந்தபோது பங்கு ஏதும் இல்லை. காணியைப் பிரித்தால் குடும்பத்தின் பலம் போய்விடும் என்பது அந்த ஊர் வழக்கம். மூத்தவன் வாங்குவான், மற்றவன் வாளையோ வேதப் புத்தகத்தையோ பார்த்துக்கொள்ள வேண்டும். வில்லியத்தின் ஒரு தம்பி பிறகு எக்ஸ்டர் நகரத்து ஆயராக வந்தார்.

வில்லியம் இன்றைய பிரான்சில் உள்ள நோர்மண்டியில் ஓர் உறவினரின் வீட்டில் வளர்ந்து வீரப்பட்டம் வாங்கினார். முதல் சண்டையிலேயே குதிரை செத்தது. அடுத்த குதிரைக்காகப் போர்த்தியிருந்த மேலங்கியை விற்க வேண்டியிருந்தது. அப்புறம் பந்தயச் சண்டைகளுக்குப் போனார். எதிராளியைப் பிடித்தால் அவருடைய குதிரையும் மீட்புப் பணமும் பிடித்தவருக்கு. ஒரு பந்தயம் முடிந்து பரிசு கொடுக்க ஆளைத் தேடினால் காணோம். அடிபட்டு நெளிந்த தலைக்கவசம் கழற்ற வராமல், ஒரு கொல்லன் பட்டறையில் அடைகல்லின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு இருக்கிறார், கொல்லன் சம்மட்டியால் தட்டி எடுக்கிறான். அப்பா சொன்ன அதே கல், அதே சம்மட்டி! அந்த இடத்தை வாசிக்கிறபோதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அவருடைய மரணப்படுக்கையில் நடந்தது. அவருக்கும் ஐந்து மகன்மார். கடைசி மகன் அன்செல்முக்கு ஒன்றும் எழுதப் போவதில்லை, நான் உழைத்ததுபோல அவனும் உழைத்துக்கொள்ளட்டும் என்றார். ஏர்லி ஜோன் பக்கத்தில் இருந்தார். அப்படிச் செய்யாதீர்கள், குதிரைக்கு லாடம் அடிக்கவாவது பிள்ளைக்கு வழி வேண்டாமா என்று மன்றாடினார். கிழவர் மனம் மாறி, வருடம் 140 பவுண் வருமானம் வரும் காணியை அன்செல்முக்கு எழுதினார். உங்கள் வீட்டிலும் அப்படிப் பேசக்கூடிய ஒரு பெரியவர் இருப்பார். மாமாவோ சித்தப்பாவோ, அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். அண்ணனோடு நேரே மோத வேண்டாம்.

வில்லியம் பணத்துக்காகத்தானே இசபெலைக் கட்டினார்? அந்தப் பெண்ணின் மனதை யாராவது கேட்டார்களா?
(வாசகி, மஸ்கெலியா)

யாரும் கேட்கவில்லை, அம்மா. அப்பா இல்லாத வாரிசுப் பெண் அரசரின் பொறுப்பில் இருப்பாள். அரசர் தமக்கு வேண்டியவருக்குக் கொடுப்பார். இசபெலின் அப்பா ரிச்சர்ட் டி கிளயர், அம்மா ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசருடைய மகள். வேல்ஸிலும் அயர்லாந்திலும் பெரும் சொத்து. 1189 ஓகஸ்ட் மாதம் லண்டனில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது, பெண்ணுக்குப் பதினேழு வயதளவு. சொத்துக்காகக் கட்டிய கல்யாணம் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் பதினெட்டு வருடம் கழித்து நடந்ததையும் கேளுங்கள். 1207இல் அரசர் ஜோன் வில்லியத்தை அயர்லாந்திலிருந்து திரும்பி வரச் சொன்னார். அங்கே பகைவர்கள் சூழ்ந்திருந்தார்கள். இசபெல் பிள்ளைத்தாய்ச்சி. கில்கென்னியில் தம் ஆட்களைக் கூட்டி, இசபெலின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார் வில்லியம். இவள்தான் உங்கள் பிரபுவின் மகள், பிறப்பால் உங்கள் தலைவி, எனக்கு இங்கே இருப்பதெல்லாம் இவளால் வந்தது, இவளைக் காப்பாற்றுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சீதனத்தில் வாழ்கிற எத்தனை ஆண்கள் அதைச் சபையில் சொல்வார்கள்? அவர் போன பிறகு பகைவர்கள் வந்தார்கள். இசபெல் கோட்டையை விட்டுக்கொடுக்காமல் நின்று ஜெயித்தாள்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசர் ஜோன் எவரையும் நம்பாதவர். வில்லியத்தின் மூத்த மகனைப் பிணையாகக் கேட்டு வாங்கினார், பிறகு இரண்டாவது மகன் ரிச்சர்டையும் கேட்டார். ஐந்து வயதில் பிணையாகப் போனவர் தன் இரண்டு மகன்மாரையும் கொடுத்தார். பிள்ளைகள் பிற்பாடு பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். என்றாலும் அந்த வருடங்களில் இரவில் அவர் எதை நினைத்திருப்பார்? கொட்டகலை மகளுக்கும் இதைச் சேர்த்துச் சொல்கிறேன்: தன் அப்பாவைப்போல அவர் விளையாடவில்லை. அரசர் எத்தனை சீண்டியும் கொடுத்த வாக்கை மீறிப் பிள்ளைகளின் கழுத்துக்குக் கத்தி வரவிடவில்லை.

1216இல் அரசர் ஜோன் இறந்து, அவருடைய ஒன்பது வயது மகன் ஹென்றி அரசனானபோது, நாட்டில் பாதி பகைவர் கையில். எல்லோரும் கைவிட்டாலும் இந்தப் பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு தீவு தீவாகப் போவேன், பிச்சையெடுத்துச் சாப்பிட நேர்ந்தாலும் கைவிட மாட்டேன் என்றார் வில்லியம். அடுத்த வருடம் லிங்கன் நகரில், எழுபதை எட்டிய வயதில், குதிரையில் ஏறி முன்னால் பாய்ந்தார். அவசரத்தில் தலைக்கவசத்தை மறந்து போனதை ஒரு பையன்தான் ஞாபகப்படுத்தினான்.

ஐந்து ஆண்பிள்ளைகள் இருந்தும் வம்சம் அழிந்தது என்கிறார்கள். ஓர் ஆயரின் சாபமாமே?
(வாசகர், பதுளை)

அயர்லாந்தின் ஃபெர்ன்ஸ் ஆயருடைய காணியை வில்லியம் பிடித்து வைத்திருந்தது உண்மை. அவர் இறந்த பிறகு ஆயர் வந்து கேட்டார், மகன்மார் கொடுக்கவில்லை, ஒரே தலைமுறையில் உங்கள் பெயர் அழியும் என்று ஆயர் சபித்தார் என்று மத்தேயு பாரிஸ் என்ற துறவி எழுதி வைத்திருக்கிறார். ஐந்து பேரும் போன பிறகு எழுதிய கதை அது. சாபத்தை நான் நம்பவில்லை. காணியைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நம்புகிறேன்.

நடந்தது இது. மூத்தவர் அரசனின் தங்கையைக் கட்டியும் பிள்ளையில்லாமல் 1231இல் இறந்தார். ரிச்சர்ட் 1234இல் அயர்லாந்தில் சண்டைக் காயத்தில். கில்பர்ட் 1241இல் பந்தயச் சண்டையில் கடிவாளம் அறுந்து குதிரையிலிருந்து விழுந்து. வோல்டர் 1245 நவம்பரில், அன்செல்ம் அடுத்த மாதம். ஐவரும் ஒருவர் பின் ஒருவராகப் பிரபுவானார்கள். ஒருவருக்கும் வாரிசு இல்லை.

ஆனால் ‘வம்சம் அழிந்தது’ என்ற சொல்லை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மோட், இசபெல், சிபில், ஈவா, ஜோவான் என்று ஐந்து பெண்பிள்ளைகள் இருந்தார்களே! காணி பூமியெல்லாம் அவர்கள் வழியில் ஐந்தாகப் பிரிந்தது. அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த அரசவைப் பதவியின் பெயர்தான் மார்ஷல்; அதற்குரிய கோலை 1246இல் அரசர் மூத்த மகள் மோட் கையில்தான் கொடுத்தார். சிபிலுக்கு மட்டும் ஏழு பெண்பிள்ளைகள். இரண்டாவது மகள் இசபெலின் மகள், ஸ்கொட்லாந்தின் புரூஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவளுடைய பேரன்தான் ஸ்கொட்லாந்தை மீட்ட அரசர் ரொபர்ட் புரூஸ். வில்லியத்துக்கு எள்ளுப்பேரன். இதற்கு மேல் எந்த வம்சம் தழைக்க வேண்டும்?

எங்கள் வீட்டில் எனக்குப் பிள்ளைகள் இல்லை. பேர் சொல்ல ஆளில்லை என்று உறவுக்காரர்கள் அம்மாவின் காதுபட எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். அப்பாவின் பெயர் இன்று அக்காவின் பேரனுக்கு. ஆறு வயது. பேரைக் கேட்டால் முழுசாகச் சொல்லுவான்.

மகன் லண்டனில் இருக்கிறான். வில்லியத்தின் சமாதியைப் பார்க்க முடியுமா? கடைசி நாட்களைப் பற்றியும் சொல்லுங்கள்.
(வாசகி, நுவரெலியா)

பார்க்கலாம். லண்டனில் டெம்பிள் தேவாலயம் என்று கேட்கச் சொல்லுங்கள். வட்ட வடிவமான பகுதியில், தரையில் கல்வீரர்கள் படுத்திருப்பார்கள். 1941 குண்டுவீச்சில் எரிந்து சேதப்பட்ட உருவங்கள். வில்லியமும் மகன்மார் வில்லியம், கில்பர்ட் இருவரும் அங்கே. இசபெலும் மோடும் வேல்ஸின் டின்டர்ன் மடத்தில் அடக்கம்.

கடைசி நாட்கள் தேம்ஸ் கரையில் கவர்ஷாம் வீட்டில். முப்பது வருடத்துக்கு மேலாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த இரண்டு பட்டுத் துணிகளை வரவழைத்தார். புனித பூமிக்குப் போனபோது தன் அடக்கத்துக்கென்று வாங்கியவை. மழை பெய்தால் பட்டு நனையும், மேலே ஒரு முரட்டுத் துணியைப் போர்த்துங்கள் என்று ஏர்லி ஜோனிடம் சொல்லிவைத்தார். வீட்டில் இருக்கும் விலையுயர்ந்த அங்கிகளை விற்று ஆன்மாவுக்குத் தருமம் செய்யலாம் என்று ஒரு குருவானவர் சொன்னபோது கோபம் வந்தது. திருவிழா வருகிறது, என் வீரர்களுக்கு வருடா வருடம் கொடுக்கும் உடுப்பு அது, அவர்களுக்கே கொடுங்கள் என்றார். டெம்பிள் என்ற போர்வீரத் துறவிகளின் சபையில் சேர்ந்துவிட்டால் மனைவியைத் தொடக்கூடாது என்பதால், அதற்கு முன்னால் இசபெலைக் கூப்பிட்டு முத்தமிடச் சொன்னார். இருவரும் அழுதார்கள்.

கல்யாணமாகாத கடைசி மகள் ஜோவானைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. அவளுக்குக் காணியும் காசும் ஒதுக்கினார். ஒருநாள் பாட்டுப் பாட ஆசையாக இருக்கிறது என்று ஏர்லி ஜோனிடம் சொல்லியிருக்கிறார். பெண்பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். மோட் மனமில்லாமல் ஓர் அடி பாடினாள், அப்பாவுக்காக. ஜோவானின் முறை வந்தது. கூச்சத்தில் அவளுக்குச் சத்தம் வரவில்லை. பாடும்போது அப்படி வெட்கப்படக் கூடாது என்று சொல்லி, எப்படிப் பாட வேண்டும் என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லிக்கொடுத்தார். 1219 மே 14இல் போய்விட்டார்.